குவார்ட்டர்ஸ் சாவியோடு வந்த சமத்துவம்: நெய்வேலிப் பள்ளிகளின் எழுதப்படாத வரலாறு

(நெய்வேலியில் நடந்த அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘நகரியப் பள்ளிகளின் வரலாறு’. நெய்வேலிப் பள்ளிகளுக்கு வயதாகிவிட்டது. பொன்விழா முடிந்துவிட்டது, வைரவிழா மலர்கள் வரத் தொடங்கிவிட்டன. அந்த மலர்களைப் புரட்டினால் யார் அடிக்கல் நாட்டினார்கள், யார் திறந்து வைத்தார்கள், எந்த ஆண்டு யார் முதல் மதிப்பெண் வாங்கினார்கள், யார் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கும். ‘சாதி’ என்ற சொல் மட்டும் இருக்காது. கேட்டால், “நெய்வேலியில் ஏதுங்க சாதி, எல்லாரும் ஒண்ணாத்தானே இருக்கோம்” என்பார்கள். அந்த வாக்கியத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இன்று என் வேலை. முழுப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எப்படி வந்தது, எங்கே நின்றுபோனது என்பதுதான் கேள்வி.

1957: ஒரே ஆண்டு, ஐந்து காட்சிகள்

இந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டது 1956 நவம்பர் 14. அடுத்த மூன்றே வாரத்தில், டிசம்பர் 6 அன்று, அண்ணல் மறைந்தார். அடுத்த ஆண்டு 1957 மே 20 அன்று பிரதமர் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நமது ஊர்க் கதை எப்போதும் இந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும். அதே ஆண்டில் வேறு என்ன நடந்தது என்று சற்றே பாருங்கள்.

ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லெவிட்டவுன் என்ற புறநகர். ஆயிரக்கணக்கான வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி, திட்டமிட்டுக் கட்டியவை. நமது நகரியம் மாதிரி. அங்கே மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் ஒன்று வீடு வாங்கிக் குடியேறியது. வெள்ளையர் கூட்டம் நாள் கணக்கில் வீட்டைச் சூழ்ந்து நின்று கல் எறிந்தது.

செப்டம்பர் 4. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரம். ஒன்பது கறுப்பின மாணவர்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைய வந்தார்கள். மாநில ஆளுநரே படையை நிறுத்தி வாசலில் மறித்தார். கடைசியில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் இராணுவத்தை அனுப்பித்தான், செப்டம்பர் 25 அன்று அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுபோக முடிந்தது.

செப்டம்பர் 11. நமது பரமக்குடி. தியாகி இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார்.

நவம்பர் 26. சாதியைப் பாதுகாக்கும் சட்டப் பிரிவுகளை எதிர்த்துத் தந்தை பெரியார் அறைகூவல் விடுத்தார். ஆயிரக்கணக்கானோர் அரசியல் சட்ட நகலை எரித்துச் சிறை சென்றார்கள்.

இத்தனையும் ஒரே ஆண்டில். உலகம் முழுக்க ஒரே கேள்விதான் எரிந்துகொண்டிருந்தது. யார் யாரோடு வாழலாம்? யார் யாரோடு உட்கார்ந்து படிக்கலாம்? நெய்வேலி பிறந்தது அந்தக் கேள்வியின் நடுவில்தான். அதனால்தான் இந்த ஊர்ப் பள்ளியின் வரலாற்றைச் சாதியை விட்டுவிட்டு எழுதவே முடியாது என்கிறேன்.

நகரியத்துக்கு முன்னால்

நகரியம் வருவதற்கு முன் இந்தத் தென்னார்க்காட்டில் நம் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? சுவாமி சகஜானந்தரை நினைக்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார் அவர். தில்லைக் கோயிலுக்குள் நந்தன் நுழைய நெருப்பில் இறங்க வேண்டும் என்று கதை சொன்ன அதே ஊரில், நந்தன் பெயரில் ஒரு பள்ளிக்கூடம். உணவும் தங்குமிடமும் கொடுத்தால்தான் சேரிப் பிள்ளை படிக்கும் என்று தெரிந்தவர் அவர். சட்டமன்றத்திலும் நம் கல்விக்காகப் பேசினார். 1959-இல் மறைந்தார். இந்த மாவட்டத்தில் படித்த முதல் தலைமுறை தலித்துகளின் கதையைத் தோண்டினால் எங்காவது ஓரிடத்தில் அந்தப் பள்ளி வரும்.

அதே காலத்தில் அரசு என்ன செய்தது? 1953-இல் இராஜாஜி ஒரு திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துப் பிள்ளை பாதி நேரம் பள்ளியில் இருக்கட்டும், மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கமும் அதைச் சரியாகவே பெயரிட்டு எதிர்த்தார்கள். காமராசர் முதலமைச்சராக வந்த பிறகு, 1954 மே மாதம் அது கைவிடப்பட்டது. அதே மே மாதம் 17-ஆம் தேதிதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளி என்பது சட்டவிரோதம் என்று பிரௌன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டு இடத்திலும் பள்ளிக்கூடம்தான் போர்க்களம்.

இப்போது நெய்வேலிக்கு வாருங்கள். தகப்பன் தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டும் என்பது குலக்கல்வி. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் ஓட்டுவதற்கு மனு எந்தச் சாதியை வகுத்தான்? கன்வேயர் பெல்ட்டைப் பராமரிப்பது எந்தக் குலத்தின் தொழில்? கொதிகலன் அறையில் அளவுமானி பார்ப்பதற்கு எந்தப் பரம்பரை? ஒன்றும் இல்லை. பழுப்பு நிலக்கரி எடுக்கும் வேலைக்கு இந்த மண்ணில் சாதி முத்திரையே கிடையாது. எல்லாரும் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். ஜெர்மன் இயந்திரத்தையும் சோவியத் டர்பைனையும் பார்த்து எல்லாருமே ஒரே மாதிரி மலைத்து நின்றார்கள். பரையரும் வன்னியரும் முதலியாரும் ஒரே பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தார்கள். அண்ணல் ஏன் கிராமத்தை விட்டு வெளியே வாருங்கள் என்றார், ஏன் தொழில்மயத்தை ஆதரித்தார் என்பதற்கு விளக்கவுரை எழுத வேண்டுமானால், தொடக்க கால நெய்வேலியை எழுதினால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல். மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943-இல் தன்பாத் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு நேரில் போய்த் தொழிலாளர் வாழும் நிலையைப் பார்த்தார். 1944-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி வந்தது. வெட்டி எடுக்கும் கரிக்குத் தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், கல்வி. சுரங்கம் நடத்துகிறவன் தொழிலாளியின் பிள்ளை படிப்புக்கும் பொறுப்பு என்ற எண்ணம் இந்த நாட்டில் சட்டமானதில் அண்ணலுக்குப் பங்கு உண்டு. நகரியப் பள்ளி நிர்வாகம் மனமிரங்கிப் போட்ட பிச்சை அல்ல. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

வட்டத்துக்குள் நடந்த நல்லது

நகரியத்தில் தெருவுக்குச் சாதிப் பெயர் இல்லை. வட்டம் என்றும் எண் என்றும் பிரித்தார்கள். வெளியே எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். ஒருவர் முகவரி சொன்னாலே சாதி தெரிந்துவிடும். நெய்வேலியில் வட்டம் எண்ணைச் சொன்னால் சாதி தெரியாது. அவர் தொழிலாளியா அதிகாரியா என்பதுதான் தெரியும்.

என் அப்பா விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமத்துச் சேரியிலிருந்து வந்தவர். சுரங்கத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு தொழில்நுட்பப் பணியாளர் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஊரில் டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவர், இங்கே பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டார். பணிமூப்பு வரிசைப்படி வீடு ஒதுக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது, அவரும் தேர்ந்தெடுக்க முடியாது. சாதியால் இதைத்தான் தாங்கவே முடியாது. சாதி என்பதே பக்கத்து வீட்டுக்காரனைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதானே?

பள்ளியும் அப்படித்தான். நிறுவனப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். என் பெஞ்சில் ஐந்து பேர். ஐந்து வீட்டிலும் அப்பாக்கள் ஒரே ஷிப்ட் பஸ்ஸில் போனார்கள். சங்கு ஊதினால் ஒரே நேரத்தில் திரும்பி வந்தார்கள். சீருடை ஒன்று, மைதானம் ஒன்று, ஆய்வகம் ஒன்று. 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்து உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகள் ஆயின. வெளியே எத்தனையோ கிராமங்களில் பத்தாம் வகுப்புக்கே பல மைல் நடக்க வேண்டியிருந்த காலம். இங்கே சைக்கிள் தூரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை. பெண்பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருக்கும் அக்காக்களுக்குத் தெரியும். தெருவிளக்கு எரியும் சாலை, பாதுகாப்பு, பக்கத்திலேயே பள்ளி. சேரியிலிருந்து வந்த குடும்பத்தில் ஒரே தலைமுறையில் ஆசிரியர், செவிலியர், பொறியாளர் என்று வந்தோம். எங்கள் புத்தி திடீரென்று வளர்ந்துவிடவில்லை. நிரந்தர வேலை, இட ஒதுக்கீடு, வீடு, மருத்துவமனை, பள்ளி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கிடைத்தன. அதில் ஒன்றை உருவினாலும் மற்றவை நிற்காது.

இதுதான் அந்த வாக்கியத்தில் இருக்கும் உண்மை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

யாருடைய நிலம், யாருடைய உழைப்பு?

இனி மறைக்கப்பட்ட பக்கம்.

நெய்வேலி வரலாறு என்றால் முதலில் ஜம்புலிங்க முதலியார் வருவார். 1930-களில் அவர் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது, அதுதான் பழுப்பு நிலக்கரி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நல்லது. அவர் பங்கை மறுக்கவில்லை. நிலத்தின் சொந்தக்காரர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கடப்பாரை பிடித்தவர்கள் பெயர் இருக்கிறதா?

இந்தக் கேள்வி வெறும் உணர்ச்சி அல்ல. சுரங்கத்துக்காகவும் நகரியத்துக்காகவும் கிராமங்கள் எடுக்கப்பட்டபோது நடைமுறையில் இருந்தது 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். அது பட்டாவைப் பார்த்து இழப்பீடு கொடுக்கும் சட்டம். நிலம் வைத்திருந்தவர் நிலத்தை இழந்தார். அவருக்குத் தொகை குறைவு, வேலை முறையாகக் கிடைக்கவில்லை என்ற குறை நியாயமானது. ஆனால் அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்? களத்துமேட்டில் நெல் தூற்றியவர்? நிலம் போனபோது அவர் பிழைப்பும் போனது. அவர் பெயரில் பட்டா இல்லை. ஆகவே அவர் எதையும் இழக்கவில்லை என்று சட்டம் சொன்னது. கடலூர் மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. நிலமற்ற விவசாயக் கூலிகளில் அவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2013-இல் வந்த புதிய நில எடுப்புச் சட்டம்தான், நிலம் இல்லாவிட்டாலும் அங்கே மூன்றாண்டுகள் உழைத்து வாழ்ந்த விவசாயக் கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று ஒத்துக்கொண்டது. நெய்வேலியில் முதல் மண் வெட்டி 56 ஆண்டுகள் கழித்து! 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த பயிரின் மேல் பொக்லைன் ஓடியதை நாடே பார்த்தது. கோபப்பட்டோம், சரிதான். ஆனால் அந்தப் போராட்ட மேடைகளில் நிலம் கொடுத்தவர் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்த நிலத்தில் உழைத்தவர் பற்றி யாரும் பேசவில்லை.

இதற்கும் பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடிச் சம்பந்தம். நிரந்தர வேலை கிடைத்தவருக்குக் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் இருப்பவர் பிள்ளைக்குச் சைக்கிள் தூரத்தில் பள்ளி. வேலை கிடைக்காத கூலியின் பிள்ளைக்கு? வேலிக்கு வெளியே நின்று, தான் பிறந்த மண்ணில் எழுந்த பள்ளியை எட்டிப் பார்க்கும் வாழ்க்கை. ஊர்ப் பெயரிலேயே வேலி இருக்கிறது, தோழர்களே.

அமெரிக்கப் புறநகர் சொல்லும் பாடம்

இங்கேதான் அமெரிக்காவை மறுபடி கொண்டுவர வேண்டியிருக்கிறது. லிட்டில் ராக் கதை நமக்குத் தெரியும். வாசலில் துப்பாக்கியோடு மறித்தால் அது அநீதி என்று உலகமே சொல்லும். ஆனால் அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது?

வெள்ளையர்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போனார்கள். அந்தப் புறநகரில் கறுப்பர் வீடு வாங்க முடியாது. லெவிட்டவுன் கட்டியவர்கள் கறுப்பருக்கு விற்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். அரசின் வீட்டுக் கடன் உத்தரவாதமும் கறுப்பர் வாழும் பகுதிகளை ஒதுக்கியது. பள்ளியின் வரவுசெலவோ பெரும்பகுதி அந்தப் பகுதி வீடுகளின் சொத்துவரியிலிருந்து வருகிறது. ஆக, பணக்காரப் புறநகரில் நீச்சல் குளம் உள்ள அரசுப் பள்ளி, ஏழைப் பகுதியில் கூரை ஒழுகும் அரசுப் பள்ளி. இரண்டுக்கும் பெயர் பொதுப் பள்ளிதான். வாசலில் போலீஸ் இல்லை, பெயர்ப் பலகையில் நிறவெறி இல்லை. எல்லாவற்றையும் முகவரியே பார்த்துக்கொள்கிறது.

1973-இல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் ஏழை மெக்சிக்க அமெரிக்கப் பெற்றோர் இதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். 1974-இல் டெட்ராய்ட் வழக்கு. நகரப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைக்கும் ஏற்பாட்டை அதே ஐந்துக்கு நான்கு கணக்கில் நீதிமன்றம் தடுத்தது. இருபது ஆண்டுக்கு முன் பிரௌன் வழக்கை வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் அப்போது அதே நீதிமன்றத்தில் நீதிபதி. இப்படிப் போனால் நமது நகரங்கள் இரண்டாகப் பிளந்துபோகும் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அப்படியே நடந்தது.

பாடம் என்ன? சமத்துவத்தை முகவரியோடு கட்டி வைத்தால், முகவரி இருப்பவருக்கு மட்டும்தான் சமத்துவம். அமெரிக்காவில் அந்த முகவரி நிறத்தோடு போனது. நெய்வேலியில் அது நிரந்தர வேலையோடு போனது. நமது நகரியம் லெவிட்டவுனை விட நல்லது, ஏனென்றால் இட ஒதுக்கீடு இருந்தது. நம்மை உள்ளே விட்டது. ஆனால் வீடு வாடகைக்குக் கிடைத்த மாதிரியே சமத்துவமும் வாடகைக்குத்தான் கிடைத்தது. அறுபது வயதில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சாவியைக் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? முப்பது வருடம் ஒரே வட்டத்தில் இருந்தவர்கள் மனை வாங்கப் போகிறார்கள். வடலூர், பண்ருட்டி, கடலூர், சிதம்பரம். மனை விற்பவர் முதலில் கேட்பது, “நீங்க எந்தாளுங்க?” அங்கே முடிந்தது நகரியம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது, பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பெயருக்குப் பின்னால் சாதி சங்கப் பொறுப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. வள்ளலார் 1867-இல் சாதி பாராமல் பசியாற்றத் தருமச்சாலை வைத்த வடலூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த வடலூரிலேயே மனைப்பிரிவு சாதி பார்த்து விற்கிறது.

நகரியத்துக்குள்ளேயும் ஒரு வேலை கடைசிவரை சாதியோடுதான் இருந்தது. துப்புரவு. எக்ஸ்கவேட்டருக்குச் சாதி இல்லை என்று சொன்னேனே, துடைப்பத்துக்கு இருந்தது. பள்ளிக் கழிப்பறையைச் சுத்தம் செய்த அம்மாவின் பெயர் எந்த வைரவிழா மலரிலாவது இருக்கிறதா?

இன்று வகுப்பறையில்

2011 கணக்கெடுப்பில் நகரியத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்து ஐந்தாயிரத்துச் சொச்சம். இன்று மாலை நேரத்தில் வட்டங்களில் நடந்து பாருங்கள். பூட்டிய வீடுகள், புதர் மண்டிய வீடுகள். 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. ஓய்வு பெற்றவர் இடத்தில் நிரந்தரப் பணியாளர் அதே எண்ணிக்கையில் வருவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் வருகிறார்கள். 2022-இல் 299 பொறியியல் பயிற்சி அலுவலர் தேர்வுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகளே அதில் இல்லை என்று தமிழ்நாட்டுக் கட்சிகள் பல கேட்டன. அந்தக் கேள்வி சரி. நாம் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கும்போது இட ஒதுக்கீடு எங்கே? இல்லை. நிரந்தரப் பணி குறைந்தால் இட ஒதுக்கீடு தானாகவே குறைகிறது. சட்டத்தைத் திருத்தவே வேண்டாம்.

2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது இறந்தவர்களில் நிரந்தரத் தொழிலாளியும் இருந்தார், ஒப்பந்தத் தொழிலாளியும் இருந்தார். நெருப்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. சம்பளச் சீட்டுக்குத் தெரிகிறது, வீட்டு ஒதுக்கீட்டுக்குத் தெரிகிறது, ஆகவே பிள்ளையின் பள்ளிக்கும் தெரிகிறது.

பள்ளிகளும் பிரிந்துவிட்டன. அதிகாரிகள் பிள்ளைகள் ஆங்கில வழிக்கும் மத்தியப் பாடத்திட்டத்துக்கும் போய் வெகுநாள் ஆகிறது. அடுத்துத் தொழிலாளிகளும் கடன் வாங்கியாவது அங்கே அனுப்பினார்கள். நம் ஆட்களும்தான். தமிழ் வழி வகுப்பில் இன்று உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி பிள்ளைகளும் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும். ஒரு காலத்தில் எல்லா வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்த பெஞ்ச், இன்று போக வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்று ஆகிவிட்டது. எல்லாரும் படிக்கும் பள்ளியைத்தான் அரசும் நிர்வாகமும் கவனிக்கும். ஏழை மட்டும் படிக்கும் பள்ளியை ‘மாணவர் எண்ணிக்கை குறைவு’ என்று மூடத்தான் பார்க்கும்.

நான் ஆசிரியராக இருக்கிறேன். வகுப்பறையில் சாதி எப்படி நுழையும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளி வேறொரு மாவட்டத்தில் இருக்கிறது. ஊர், பெயர் வேண்டாம், ஏனென்றால் எத்தனையோ பள்ளிகளில் இதுதான் வழக்கம். உதவித்தொகைப் படிவம் வந்தது. ஒரு ஆசிரியர் என் வகுப்புக்குள் வந்து, “எஸ்சி பசங்கள்லாம் எழுந்திருங்க” என்றார். பதினொரு பேர் எழுந்தார்கள். ஒரு பெண் மட்டும் எழவில்லை. பட்டியலில் அவள் பெயர் இருந்தது. “உனக்குக் காது கேக்காதா” என்று அவர் கேட்டார். அவள், “எனக்கு வேணாம் சார்” என்றாள். வாங்கினால் பெரிய தொகை. அந்தப் பணத்தை விட, எழுந்து நிற்காமல் இருப்பது அவளுக்குப் பெரிதாக இருந்தது. அன்றிலிருந்து என் வகுப்பில் யாரையும் அப்படி எழுப்ப விட்டதில்லை. ஒவ்வொரு பெற்றோரையும் தனியாக அழைத்துத்தான் படிவம் வாங்குவேன். வேலை கூடுதல்தான். இருக்கட்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காப்பாற்ற வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் நீங்க வேண்டும், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தை மாணவரைத் தனியே அழைத்துத்தான் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பெண் எழாமல் உட்கார்ந்திருந்தாளே, அவளுக்கு நீதி சொல்லும் வரி அந்த அறிக்கையில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வர வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

புலம்பிவிட்டுப் போக இங்கே கூடவில்லை. நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். தோழர்கள் விவாதித்துத் தீர்மானமாக்குங்கள்.

ஒன்று. நகரியத்தின் பொதுப் பள்ளிகளைச் சுருக்கக் கூடாது, மூடக் கூடாது. நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளி, நிலம் எடுக்கப்பட்ட கிராமத்தார், அந்த நிலத்தில் உழைத்த கூலி, இவர்கள் அத்தனை பேர் பிள்ளைகளுக்கும் ஒரே விதியில் இடம் கொடுக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் சிலவற்றைத் தொலைகிராமப் பிள்ளைகளுக்கு விடுதியாக்குங்கள். சகஜானந்தர் 1916-இல் புரிந்துகொண்டது இன்றும் பொருந்தும்.

இரண்டு. வேலைவாய்ப்பிலும் மறுவாழ்விலும் ‘நிலம் கொடுத்தவர்’ என்ற சொல்லோடு ‘நிலத்தில் உழைத்தவர்’ என்ற சொல்லும் சேர வேண்டும். நிரந்தரத் தன்மையுள்ள பணிகளில் ஒப்பந்த முறையைக் கைவிட்டு, இட ஒதுக்கீட்டோடு ஆள் எடுக்க வேண்டும். இதைத் தொழிற்சங்கங்கள் தங்கள் முதல் கோரிக்கையாக எடுக்க வேண்டும். ஊதிய உயர்வுக்கு வாயில் கூட்டம் போடும் சங்கங்கள் இதற்கும் போடட்டும்.

மூன்று. சந்துரு குழுப் பரிந்துரைகளை நகரியத்துக்குள் இருக்கும் எல்லாப் பள்ளிகளிலும், தனியார் பள்ளிகள் உட்பட, நடைமுறைப்படுத்த வேண்டும். இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நாம் போய் உட்கார்ந்தால் பாதி நடந்துவிடும்.

நான்கு. வரலாற்றை நாம் எழுத வேண்டும். அடுத்த விழா மலர் வரும்போது, நிர்வாகத்திடம் கட்டுரை கேட்டு நிற்காதீர்கள். ஓய்வு பெற்ற நம் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? அந்த ஊர் இப்போது இருக்கிறதா, சுரங்கத்துக்குள் போய்விட்டதா? உங்களோடு வேலை தேடி வந்து வேலை கிடைக்காமல் திரும்பியவர் யார்? உங்கள் வகுப்பில் எட்டாவதோடு நின்றவர்கள் யார், ஏன் நின்றார்கள்? பள்ளியைப் பெருக்கியவர் யார்? இந்தப் பதில்கள் சேர்ந்தால் அதுதான் பள்ளியின் வரலாறு. மற்றது விழா அழைப்பிதழ்.

கடைசியாக ஒன்று. பழுப்பு நிலக்கரி ஒருநாள் தீரும். அல்லது காலநிலை நெருக்கடி அதற்கு முன்பே சுரங்கத்தை மூடவைக்கும். அன்று இந்த நகரியம் என்னவாகும் என்று இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். நிலம் யாருக்கு, கட்டடம் யாருக்கு, எந்தத் தனியாருக்கு என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் பள்ளிகளை நாம் விட்டுவிடக் கூடாது. இந்த மாவட்டத்தில் சாதியைக் கேட்காமல் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்த இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று இங்கே இருந்தது, இப்போதும் பாதி உயிரோடு இருக்கிறது. அந்தப் பாதியை முழுதாக்கி வேலிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளின் கையில் கொடுப்போம்.